காலையில் எழாத ஒட்டகம்

காலையில் செத்துக் கிடக்கும், மதியம் எழுந்து மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக வேலை செய்யும். இப்படி ஒரு வியாதியை மர்கிலான் ஊருக்குப் போகும் சாலையோர மாதுளைக் கிடங்கில் யாரும் மனிதர்களிடம்கூடப் பார்த்ததில்லை. வந்திருந்தது ஒரு ஃபோர்க்லிஃப்ட்டுக்கு. பழைய பல்கேரிய வண்டி, டீசலில் ஓடுவது. மஞ்சள் பெயின்ட் போன இடமெல்லாம் துரு. முன்னால் நிமிர்ந்து நிற்கும் நீண்ட கழுத்தையும் பாரம் தூக்கும்போது அது போடும் முனகலையும் பார்த்து யாரோ அதற்கு ஒட்டகம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். வைத்தவன் ஊரைவிட்டே போய்விட்டான், பெயர் மட்டும் நின்றுவிட்டது.

அதை ஓட்டுகிறவள் மவ்லுதா. குளிர் இறங்கிய நாளிலிருந்து அவளுக்கு இதே கூத்துதான். விடிந்ததும் லிவரை இழுத்தால் இரும்புக் கைகள் இரண்டும் ஒரு சாண் ஏறும். பம்ப், வாலை மிதித்த நாய்போல ஊளையிடும். அவ்வளவுதான், அங்கேயே நின்றுவிடும். வெயில் ஏறி, மதியச் சாப்பாடு முடிந்து வந்து இழுத்தால், மாதுளைப் பெட்டி அடுக்கிய பேலட் பலகையை லாரி உயரத்துக்குப் பூப்போலத் தூக்கி வைக்கும். நகரத்திலிருந்து மெக்கானிக் இரண்டு முறை வந்தார். இரண்டு முறையும் மதியத்துக்கு மேல்தான் வந்தார். ஏற்றி இறக்கிப் பார்த்தார். வண்டியில் ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, ரொட்டியும் பச்சை டீயும் சாப்பிட்டுவிட்டுப் போனார். வைத்தியர் வரும்போது மட்டும் நோயாளி எழுந்து உட்கார்ந்துகொண்டால் அவர்தான் என்ன செய்வார்?

பக்கத்துக் கிடங்கில் துர்குன் என்று ஓர் இளவட்டம். அவனுக்கு அவன் முதலாளி புதிதாகப் பேட்டரி வண்டி வாங்கிக் கொடுத்திருந்தார். வெள்ளை நிறம், சத்தமே கிடையாது. அதில் உட்கார்ந்ததிலிருந்து துர்குனின் கால் தரையில் பாவவில்லை. தினமும் காலையில் வேலியோரம் வந்து மவ்லுதாவை ஒரு வார்த்தை சீண்டிவிட்டுப் போனால்தான் அவனுக்கு டீ இறங்கும்.

“ஒட்டகம் இன்னும் தூங்குதா அக்கா? தாலாட்டு நீங்கதான் பாடுனீங்களா?” என்பான்.

“உன்னோடது ராவெல்லாம் பால் குடிச்சாத்தான் காலையில கண்ணு முழிக்கும். என்னோடதுக்குப் பல்லு முளைச்சு எவ்வளவோ காலமாச்சு. போய் வேலையப் பாரு தம்பி” என்பாள் இவள்.

வாய்க்கு அவள் சளைத்தவள் இல்லை. ஆனால் வண்டியே கையைவிட்டுப் போகும் நிலை வந்தது. காரணம், ஒரு நாள் மாலை கிடங்கு முதலாளி இஸ்மத் சொன்ன பேச்சு.

இஸ்மத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தக் கிடங்கில் எல்லாமே அவர் கை வழியாகத்தான் நடக்கும். ஓர் ஆணி வேண்டுமென்றாலும் அவரிடம் கேட்க வேண்டும். வண்டிக்கு எண்ணெய் குறைந்தால் அவரே சரக்கறையைத் திறந்து, அவரே ஊற்றி, மறுபடி பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார். வேறு யாராவது ஊற்றினால் பாதியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைப்பு. ஹைட்ராலிக் எண்ணெயை வீட்டுக்குக் கொண்டுபோய் யார் என்ன செய்வார்கள் என்று கேட்க அங்கே ஆள் இல்லை. அவர் நாக்குக்கு அடியில் எப்போதும் பச்சைப் புகையிலைப் பொடி ஒரு சிட்டிகை ஊறிக்கொண்டிருக்கும். அதனால் பேசுவதில் பாதி வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

அன்று மாலை அவர் சொன்னது மட்டும் முழுதாகவே வெளியே வந்தது. மறுநாள் காலை இரண்டு லாரி. பகல் தொழுகைக்கு முன் சரக்கு ஏறிக் கிளம்பினால்தான் எல்லையில் வரிசை பிடிக்க முடியும். ஒட்டகம் காலையில் தூக்கினால் சரி. தூக்காவிட்டால் அது பழைய இரும்புக்குப் போகும், துர்குனை அவன் முதலாளியிடம் பேசி வண்டியோடு கொண்டுவந்துவிடுவார். மவ்லுதா பழையபடி மேசைக்குப் போகலாம்.

மேசை என்றால் கிடங்கின் வடக்கு வாசலில், காற்று நேரே அடிக்கும் இடத்தில் போட்டிருக்கும் நீளப் பலகை. அதன் இரண்டு பக்கமும் பெண்கள் நின்று மாதுளை பொறுக்குவார்கள். வெடித்தது ஒருபுறம், நல்லது ஒருபுறம். தோலின் கறை விரலில் ஏறிக் கறுத்து, கல்யாண வீட்டில் கையை நீட்டக் கூச்சமாக இருக்கும். மவ்லுதா அங்கே பல வருடம் நின்றவள். பழைய டிரைவர் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனபோது வாசலில் ஒரு லாரி காத்துக் கிடந்தது, ஏற்ற ஆள் இல்லை. தினம் தினம் அவன் கையையே பார்த்து நின்றவள் ஏறி உட்கார்ந்தாள். ஒரு பேலட்டைத் தூக்கி வைத்தாள், பிறகு இன்னொன்று. இஸ்மத் பார்த்தார், வேறு வழி இல்லை, விட்டுவிட்டார். மேசைப் பெண்கள் அன்றிலிருந்து அவளைக் கேப்டன் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதி கேலி, பாதி பெருமை.

திரும்பி அங்கே போய் நிற்பதற்கு அவள் அஞ்சவில்லை. வேலைதானே, செய்யலாம். ஆனால் அந்தச் சாலையில் உள்ள அத்தனை கிடங்கிலும், பொம்பளை கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஒரு பேச்சு நிலைத்துவிடும். அப்புறம் எந்தப் பெண்ணும் அந்த இருக்கையில் ஏற முடியாது. அதை நினைத்தால்தான் அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மறுநாள் விடிந்தபோது வேலிக் கம்பியெல்லாம் உறைபனி. லாரிகள் இரண்டும் வந்து பின்பக்கம் திறந்து நின்றன. துர்குனும் தன் வெள்ளை வண்டியோடு வாசலில் வந்து நின்றுவிட்டான், அழைப்பு முன்கூட்டியே போயிருக்கிறது. மவ்லுதா ஏறி லிவரை இழுத்தாள். ஒரு சாண். ஊளை. நின்றது.

அவள் பார்க்காத இடம் இல்லை. எண்ணெய் அளவு சரியாக இருந்தது. குழாய்களில் ஒரு சொட்டுக் கசிவில்லை. சங்கிலி இரண்டு பக்கமும் ஒரே இழுப்பு. சிலிண்டரில் ஈரம் இல்லை. இஸ்மத் பம்ப் போய்விட்டது என்றார். லாரி டிரைவர்களும் பம்ப் என்றார்கள். துர்குனும் பம்ப்தான் என்று தலையாட்டி, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல் என்பதையும் காதில் விழும்படி சொன்னான். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் உதைத்தது.

“செத்த பம்ப் எப்படி முதலாளி மத்தியானமானா பொழைக்கும்?”

பதிலுக்குக் கண்ணேறு வந்து நின்றது. அதைக் கொண்டுவந்தவர் எர்காஷ். அவர்தான் காவல்காரர், வியாழக்கிழமைகளில் எல்லோருக்கும் பெரிய கடாயில் புலாவ் சமைக்கிற சமையல்காரரும் அவர்தான். இந்தக் கிடங்கின் மேல் எத்தனை பேர் கண் இருக்கிறது தெரியுமா என்று கேட்டுக்கொண்டே, இரும்புச் சட்டியில் கனிந்த கரியை அள்ளி, மேலே காய்ந்த இஸிரிக் செடியைப் பிய்த்துப் போட்டார். குழந்தை அழுதாலும், கடை திறந்தாலும், மாடு பால் சுரக்காவிட்டாலும் அங்கே அந்தப் புகைதான். படபடவென்று வெடித்துக் கசப்புப் புகை எழுந்தது. வண்டியை மூன்று சுற்று சுற்றினார். நாலாவது சுற்றில் சட்டியின் பிடி கையைச் சுட்டது. ஐயோ என்று அதை வண்டிக்கு அடியிலேயே வைத்துவிட்டு, கையை ஊதிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

அவர் டீயை முடித்து வருவதற்குள், மவ்லுதா சும்மா ஒரு தரம் லிவரை இழுத்தாள். இரும்புக் கை இடுப்பு உயரத்துக்கு ஏறியது.

கிடங்கே திரும்பிப் பார்த்தது. எர்காஷுக்கு வந்த பெருமையைச் சொல்லி முடியாது. முப்பது வருஷப் புகை சும்மாவா என்றார். உடனே சட்டியை எடுத்து லாரிகளுக்கும் சுற்றப் போனார். லாரியைச் சுற்றிவிட்டு, மேசைப் பெண்களைச் சுற்றிவிட்டு, கேட்காமலே துர்குனின் வண்டியையும் சுற்றிவிட்டு வந்தபோது, ஒட்டகம் மறுபடி ஒரு சாணில் நின்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

புகை போதவில்லை என்றார்கள் எல்லோரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தால் காக்கையைக் கும்பிடுகிற கூட்டம் எந்த ஊரிலும் உண்டு. மவ்லுதா மட்டும் கீழே இறங்கி, சட்டி இருந்த இடத்தைக் குனிந்து பார்த்தாள். நேர் மேலே, இரும்புக் கையைத் தூக்கும் எண்ணெய் இருக்கும் தொட்டி. கையுறையைக் கழற்றித் தொட்டுப் பார்த்தாள். அந்த ஓரத்தில் மட்டும் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

“அண்ணே, இந்தத் தடவை முன்னாடி கழுத்துக்கிட்ட நின்னு நல்லா புகை காட்டுங்க. எவ்வளவு வேணா காட்டுங்க.”

எர்காஷ் கண் எரிய எரியக் காட்டினார். லிவரை இழுத்தாள். ஒரு சாண், அதே ஊளை.

“இப்ப செடியே போடாதீங்க. வெறும் கரிய மட்டும் அந்தத் தொட்டிக்குக் கீழ வைங்க.”

“வெறும் கரிக்கு என்னம்மா சக்தி இருக்கு?” என்று அவர் மனம் நொந்துகொண்டார். ஆனாலும் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் இழுத்தபோது, கை இடுப்பைத் தாண்டித் தோள்வரை போனது.

புகை இல்லாமல் எழுந்துவிட்டதே என்று எர்காஷ் சட்டியைப் பார்த்தார். மவ்லுதாவுக்கு இப்போது விளங்கிவிட்டது. பம்ப் சாகவில்லை. காலைக் குளிரில் அதற்குக் குடிக்க முடியவில்லை, அவ்வளவுதான். குறை எண்ணெயில்.

தொட்டியின் அடி நட்டைத் தளர்த்தி, ஒரு டீக் கிண்ணத்தில் கொஞ்சம் பிடித்தாள். வேண்டுமென்றே கரிக்கு எட்டாத மூலையில், உறைபனிமேல் கிண்ணத்தை வைத்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கலங்கியது. ஆறிப்போன ஆட்டுச் சூப்பின் மேல் கட்டுமே, அதுபோல வெள்ளை வெள்ளையாகத் திரிந்து கெட்டியானது. ஹைட்ராலிக் எண்ணெய் இந்தக் குளிருக்கு இப்படி உறையாது. கிண்ணத்தை எடுத்துப்போய் காவல் அறை அடுப்பின் மேல் வைத்தாள். கட்டி கரைந்தது, எண்ணெய் தெளிந்தது, பிறகு லேசாகச் சூடேறியது. சூடேறியதும் ஒரு வாசனை வந்தது. அறையில் நின்ற எல்லோருக்கும் நாக்கில் எச்சில் ஊறியது, ஏன் என்று ஒருவருக்கும் புரியவில்லை.

எர்காஷ் மூக்கைக் கிண்ணத்துக்குள்ளேயே விட்டுவிட்டார்.

“இது என் எண்ணெய்” என்றார். “வியாழக்கிழமை எண்ணெய். பருத்திக்கொட்டை, செக்குல ஆட்டின கறுப்பு எண்ணெய். புகையிற வரைக்கும் காய்ச்சி வெங்காயத்தப் போட்டா வரும் பாருங்க, அந்த வாசனை.”

இஸ்மத் கிண்ணத்தை வாங்கி முகர்ந்தார். தனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லையே என்றார். நாக்கடியில் அந்தப் பொடியை வைத்துக்கொண்டால் பக்கத்தில் ஆடு செத்துக் கிடந்தாலும் தெரியாது என்று எர்காஷ் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பிறகு கதை தானாகவே அவிழ்ந்தது. செப்டம்பரில் வாங்கிய சமையல் எண்ணெயில் ஒரு கேன், திறந்ததுமே தார் நாற்றம் அடித்தது. எர்காஷ் அதைச் சட்டியில் விடவே இல்லை, மூடி ஓரமாக வைத்துவிட்டார். அந்தக் கோபத்தில் செக்குக்காரனோடு சண்டை போட்டு, இரண்டு மாதமாக இருவருக்கும் சலாம்கூடக் கிடையாது. இந்த ஊரில் எவன் காலி கேனைத் தூக்கிப் போடுகிறான்? வண்டி எண்ணெய் வந்த நீலக் கேனைக் கழுவித்தான் செக்கில் சமையல் எண்ணெய் நிரப்பிக் கொடுக்கிறார்கள். இரண்டு நீலக் கேன், இரண்டிலும் கறுப்பு எண்ணெய், ஒரே சரக்கறை. ஒன்று அடுப்பங்கரைக்குப் போனது, இன்னொன்று ஒட்டகத்தின் வயிற்றுக்குள் போனது. வெயில் காலத்தில் ஒட்டகமும் குறை சொல்லாமல் குடித்துவிட்டது. குளிர் வந்ததும்தான் வயிறு உறைந்தது.

சரக்கறைச் சாவி யாரிடம் இருக்கிறது, ஊற்றியது யார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோர் கண்ணும் ஒரே இடுப்புக்குப் போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இஸ்மத்தாலும் முடியவில்லை. அவர் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒன்றும் இல்லை.

மவ்லுதாவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. முந்தின நாள் மாலை மேசைக்குப் போ என்று சொன்ன அதே வாய்க்கு, அத்தனை பேர் முன்னால் நாலு வார்த்தை திருப்பிக் கொடுக்கலாம். கொடுத்திருந்தால் நானும் குறை சொல்லமாட்டேன். ஆனால் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவளுக்கு வேண்டியது நாலு வார்த்தை இல்லை, இருக்கை.

“எல்லாம் ஒரே நீலக் கேன் முதலாளி, மாறித்தான் போகும். அந்த நாத்தக் கேன் இன்னும் இருக்கா அண்ணே?”

இருந்தது. கரி மூட்டைக்குப் பின்னால், மூடி போட்டு, ஒரு சொட்டுக் குறையாமல் அப்படியே. சரக்கறையில் இன்னும் ஒரு கேன், முத்திரைகூட உடையாதது. போதும்.

இஸ்மத்துக்கு அதற்குள் ஒரு சுலப வழி தோன்றிவிட்டது. தினமும் காலையில் கரிச் சட்டியையே வைத்துவிட்டால் என்ன என்று கேட்டார்.

“டீசல் வண்டிக்கு அடியில தினம் நெருப்பு வச்சா கண்ணேறு கழியாது முதலாளி, கிடங்கே கழிஞ்சிரும். முதல் லாரிய துர்குன் ஏத்தட்டும். ரெண்டாவத எனக்கு விட்டு வைங்க.”

“தொழுகைக்கு முன்னாடி ஏறலைன்னா?”

“ஏறலைன்னா நானே மேசைக்குப் போறேன். நீங்க சொல்ல வேண்டாம்.”

சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு வண்டிக்கு அடியில் குனிந்தாள்.

தொட்டியை முழுதாக வடித்தாள். கலங்கலாக வந்தது, கடைசியில் கட்டி கட்டியாக விழுந்தது. உறிஞ்சும் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த ஃபில்டரை வெளியே எடுத்தாள். வலைக் கண் ஒன்றுகூடத் தெரியவில்லை. மெழுகு மெழுகாக வெள்ளை அடை. டீசலில் முக்கி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். வலைக்கு அந்தப் பக்கம் லாரி தெரிந்தது. மேசைப் பெண்கள் இருவர் கேட்காமலே துணியோடு வந்து தொட்டியைத் துடைத்தார்கள். எர்காஷ் புனலைப் பிடிக்க, அந்த நாற்றக் கேனை முதலில் ஊற்றினாள். சரக்கறைக் கேனை இஸ்மத்தே தூக்கிக்கொண்டு வந்தார், பழக்கம் விடுமா? மவ்லுதா அதை அவர் கையிலிருந்து வாங்கி, ஒரு சொட்டை விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்த பிறகுதான் ஊற்றினாள்.

இதற்குள் முதல் லாரி முடிந்துவிட்டது. துர்குன் கையைத் தேய்த்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தான். கழித்து வைத்த எண்ணெயைப் பார்த்து, “அக்கா, இதோட அரிசியும் கேரட்டும் போட்டிருந்தா எர்காஷ் அண்ணனுக்கு ஒரு வியாழக்கிழமை வேலை மிச்சம்” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் அவன் தன் வண்டியைத் திருப்பி இரண்டாவது லாரியின் பக்கம் நிறுத்திவைத்திருந்ததையும் அவள் கவனித்தாள்.

ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினைப் போட்டாள். உடனே பாரம் எடுக்கவில்லை. குழாய்க்குள் புகுந்த காற்று வெளியேற வேண்டும். வெறும் இரும்புக் கையை மெதுவாக உச்சிவரை ஏற்றி இறக்கினாள். முதல் தடவை கழுத்து திக்கித் திக்கிப் போனது, பம்ப் இருமியது. இரண்டாம் தடவை இருமல் குறைந்தது. இறங்கி, தொட்டியில் குறைந்ததை ஊற்றினாள். மறுபடி ஏற்றினாள். ஊளை இல்லை. வெயில் இன்னும் கிடங்கின் இந்தப் பக்கம் வரவில்லை, தொட்டியைத் தொட்டால் கை ஜில்லிட்டது. அந்த ஜில்லிப்பிலேயே ஒட்டகம் கழுத்தை உச்சிக்கு உயர்த்தி நின்றது.

அப்புறம் அவள் யாரையும் பார்க்கவில்லை. முதல் பேலட்டின் அடியில் இரும்புக் கையை விட்டாள், தூக்கினாள். பெட்டிகள் அசையாமல் ஏறின. லாரிக்குள் வைத்தாள், பின்னால் வந்தாள், திரும்பினாள். அடுத்தது. லாரி டிரைவர் முதலில் ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்தார், பிறகு கத்துவதை விட்டுவிட்டு வழி விட்டார். சுமைக்காரர்கள் பேலட்டை இழுத்து முன்னால் வைப்பதற்குள் அவள் வந்து காத்து நின்றாள். சீக்கிரம் கொண்டுவாங்க தம்பிகளா என்று அவள் அவர்களை அதட்டினாள், அவர்கள் ஓடினார்கள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன, இரண்டையும் இன்ஜின் சத்தம் மூடிக்கொண்டது.

கடைசிப் பேலட் உள்ளே போய் லாரிக் கதவு சாத்தியபோது பள்ளிவாசலில் இன்னும் பாங்கு சொல்லவில்லை. மேசைப் பெண்கள் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்து, தாயிரா மேளத்தை அடிப்பதுபோல அடிக்க ஆரம்பித்தார்கள். கேப்டன், கேப்டன் என்று ஒருத்தி தொடங்க எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். எர்காஷ் செக்குக்காரனிடம் சமாதானம் பேசப் போகவேண்டும் என்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். துர்குன் தன் வெள்ளை வண்டியைப் பின்னோக்கி எடுத்து, வாசலில் ஒட்டகத்துக்கு வழி விட்டான்.

இஸ்மத் வந்தார். வாயிலிருந்த பொடியைத் துப்பிவிட்டுத்தான் வந்தார், அதையே எல்லோரும் அதிசயமாகப் பார்த்தார்கள். இடுப்பிலிருந்து சரக்கறைச் சாவியை எடுத்து, வண்டியின் மேல் அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை, வரப்போவதும் இல்லை. ஆனால் அதுவரை ஒருநாளும் கேட்காத மாதிரி, கட்டளை இல்லாமல், கேள்வியாகக் கேட்டார்.

“நாளைக்கு மூணு லாரி வருதும்மா. விடிகாலையிலயே வருவாங்க. எடுப்பியா?”

மவ்லுதா சாவியை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டினாள்.

“விடியறதுக்கு முன்னாடியே வரச் சொல்லுங்க முதலாளி” என்றாள்.